விடுகைப் பத்திரம் கொடுக்காத ரீச்சர்

அந்தத் தீவில் எனக்கு முதல் நியமனம் கிடைத்தபோது நான் கட்டிக்கொண்டு போன சாமான்களில் ஒரு பாய், இரண்டு வேட்டி, அம்மா தந்துவிட்ட மிளகாய்த்தூள் போத்தல் ஆகியவற்றோடு, ஏற்கெனவே எழுதி முடித்த இடமாற்ற விண்ணப்பமும் இருந்தது. திகதி மட்டும் போடவில்லை. போய் இறங்கிய அன்றே கொடுத்தால் மரியாதையாக இராது என்று ஒரு கிழமை பொறுத்தேன். அந்தப் பெருந்தன்மையை நினைத்து எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்தது.

எந்தத் தீவு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சண்டைக்கு வருவார்கள். நெடுந்தீவார் அது அனலைதீவு என்று நினைத்துக்கொள்ளட்டும். அனலைதீவார் நயினாதீவு என்று நினைத்துக்கொள்ளட்டும். எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கம் அது. எனக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. ஆனால் எதிர்காலத்தில் நான் பட்டினத்துக் கல்லூரி ஒன்றின் அதிபர் ஆவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியையை ஊர் முழுக்கப் பெரிய ரீச்சர் என்றே சொன்னார்கள். ஆள் என் தோளுக்குத்தான் வருவார். கஞ்சி போட்ட நூல் சேலை, மழையில்லாத தீவில் எந்நேரமும் கையில் ஒரு குடை, இடுப்பில் எல்லாப் பூட்டுக்குமான திறப்புக் கொத்து. என் விண்ணப்பத்தை வாங்கி முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை ஆறுதலாக வாசித்தார்.

"எழுத்து நல்ல வடிவாய் இருக்கு மாஸ்டர்" என்றார். "பாப்பம்."

மேசை லாச்சியைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினார். அந்தப் 'பாப்பம்' ஒரு வாக்குறுதி என்று நினைத்துக்கொண்டு, அன்று பின்னேரம் கடற்கரையில் சீட்டி அடித்தபடி நடந்தேன்.

அவரிடம் 'பாப்பம்' என்றால் என்ன பொருள் என்று, ஒரு தகப்பன் வந்தபோது தெரிந்துகொண்டேன். அந்த மனிதருக்கு யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்திருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டுபோய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்க விரும்பினார். ஒரு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இன்னொன்றில் சேர வேண்டுமென்றால் முதல் பள்ளிக்கூடத்தின் விடுகைப் பத்திரம் வேண்டும். அதற்காக வந்திருந்தார்.

"ஓம், தாறதுதானே" என்றார் ரீச்சர். "தேத்தண்ணி குடிச்சனீங்களே? பத்திரத்துக்குச் சீல் அடிக்கோணும். சீல் அலுமாரிக்குள்ளை. அலுமாரித் திறப்பு வீட்டை கிடக்கு. நாளைக்கு வாங்கோ."

திறப்புக் கொத்து அவருடைய இடுப்பில் கிலுங்கிக்கொண்டிருந்தது. தகப்பனும் பார்த்தார், நானும் பார்த்தேன். மறுநாள் திறப்பு வந்துவிட்டது, ஆனால் சீலுக்கு ஒற்றும் மை காய்ந்துபோய்விட்டது. மை வந்த அன்று அட்டமி. "படிப்பு விஷயத்தை அட்டமியிலை தொடக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது" என்றார். அதன் பிறகு தவணைப் பரீட்சை வந்தது. பரீட்சை முடிந்தபோது யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் நிரம்பிவிட்டது. தகப்பன் தனியே வேலைக்குப் போனார். மகள் எங்களோடேயே இருந்தாள்.

"பாத்தீரே மாஸ்டர்" என்றார் ரீச்சர். "இஞ்சை இருந்தே நல்லாய்ப் படிக்கிறாள்."

என் விண்ணப்பம் இருந்த லாச்சியை அன்று நான் ஒரு புதுக் கண்ணோடு பார்த்தேன்.

இப்படி ஒரு பிடி பிடிப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் தீவில் பள்ளிக்கூடங்கள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். முதலில் வெள்ளைக்காரப் பாதிரிமார் வந்து முருகைக்கல்லால் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். வந்து படித்த பிள்ளைகளுக்கு ஒரு சட்டையும் மத்தியானக் கஞ்சியும் கிடைத்தன. சைவக்காரருக்கு அது பொறுக்கவில்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு மண்முட்டியில் போட்டு வைத்தார்கள். சேர்ந்த பிடியரிசியை விற்று, கூப்பிடு தூரத்தில், பனையோலைக் கூரையோடு சைவப் பள்ளிக்கூடம் எழும்பியது. ஒரு பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொன்னால் மற்றதில் அதைவிடப் பலமாகச் சொல்வார்கள். அந்தத் தீவின் பிள்ளைகளுக்குத் தொண்டை நல்ல பலமாக இருந்தது.

பிறகு அரசாங்கம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. சம்பளம் ஒரே கந்தோரில் இருந்து வந்தது. ஆனாலும் சனத்துக்குப் பாதிரிமாருடையது வேதப் பள்ளிக்கூடம், எங்களுடையது சைவப் பள்ளிக்கூடம்தான். இந்தச் சின்னத் தீவுக்கு இரண்டு எதற்கு, பிள்ளைகள் குறைந்ததை மூடிவிடலாமே என்று கல்விக் கந்தோரில் இருந்து அடிக்கடி ஒரு கதை வரும். அந்தக் கதை வரும் நாட்களில் ரீச்சருக்குச் சாப்பாடு இறங்காது. அவருடைய அம்மம்மாவும் பிடியரிசி போட்டவராம். தன் காலத்தில் அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது என்ற பேச்சு மட்டும் வரக்கூடாது என்பதற்காகவே அவர் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அது பொய்யில்லை.

ஆகவே இருக்கிற பிள்ளை போகக் கூடாது. பிறக்கிற பிள்ளை தவறக் கூடாது. எந்த வீட்டிலாவது பிள்ளை பிறந்து துடக்குக் கழிவு என்றால் ரீச்சர் ஒரு சிலேட்டோடு போய் நிற்பார். கண் சரியாகத் திறக்காத குழந்தையின் பக்கத்தில் அதை வைத்து, "இது எங்கடை பிள்ளை" என்று சொல்லிவிட்டு வருவார். சிலேட்டைக் காவிக்கொண்டு பின்னால் போகும் வேலை என்னுடையது. ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில் எனக்கு உளவியலில் நல்ல புள்ளி.

வேதப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அவர் ஒரு குழந்தைச் சட்டையோடு வருவார். ஒரு வீட்டில் தாய் சைவம், தகப்பன் வேதம். அந்த வீட்டுப் படலையில் இரண்டு பேரும் நேருக்கு நேர் சந்தித்துவிட்டார்கள்.

"ரீச்சர், இந்தப் பிள்ளைக்கு நாங்கள் முன்னமே சொல்லி வைச்சாச்சு" என்றார் அவர்.

"பிள்ளை பிறந்ததே போன மாசம்தானே மாஸ்டர்?"

"நாங்கள் அதுக்கும் முதல் மாசமே சொல்லி வைச்சனாங்கள்."

ரீச்சர் உள்ளே போய்ச் சிலேட்டைச் சட்டைக்கு மேலே வைத்துவிட்டு வந்தார். வரும் வழியெல்லாம் என்னோடு கதைக்கவில்லை. கருத்தரிக்கும் முன்பே எப்படிப் பதிவு செய்வது என்று யோசிக்கிறார் போலும் என்று எனக்குப் பட்டது. அதற்கும் என்னைத்தானே அனுப்பப் போகிறார் என்ற பயத்தில் நானும் கதைக்கவில்லை.

அந்த வருஷ ஆடிக் கலவரத்தில் தெற்கில் கடை வைத்திருந்த எங்கள் தீவார் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டு, உடுத்த உடுப்போடு வந்து இறங்கினார்கள். இறங்குதுறையில் ஒரே அழுகை. நானும் ஓரமாக நின்று கண்ணைத் துடைத்தேன். ரீச்சர் குடையைப் பிடித்தபடி, அழுகிறவர்களுக்கு இடையில் புகுந்து, பிள்ளைகளின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, "என்ன வகுப்பு பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கிட்டப் போய், "ரீச்சர், இப்பவே கேக்கோணுமே?" என்றேன்.

"பேந்தெண்டால் அவர் சட்டையோடை வந்திடுவார்" என்றார்.

மறுநாள் காலை அந்தப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வகுப்பு வாங்குகளில் இருந்தார்கள். ஒரு சிறுமி மேசையில் தலையை வைத்து அழுதுகொண்டே இருந்தாள். ரீச்சர் அவளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அவள் அழுது முடியும் வரைக்கும் அசையாமல் அவளுடைய பின்னலை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னிவிட்டார். ஆனால் அந்தக் கிழமை பிள்ளைகளின் தொகை கூடியதால் அவர் முகத்தில் வந்த மலர்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை. சரியாகச் சொன்னால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பயம் வந்தது.

என் இடமாற்றத்துக்கு அவர் கண்டுபிடித்த அட்டமி, வரலாறு. பள்ளிக்கூடத்துக்கு விழா எடுக்கப் போகிறோம், மலர் போடப் போகிறோம், அதற்குப் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எழுத வேண்டும் என்றார். "நீர் எழுதி முடிச்சுத் தாரும். முடிஞ்ச கையோடை உம்மடை விண்ணப்பத்தை அனுப்பிவிடுறன்."

எழுத்து என்றால் நான் விடுவேனா? 'ஆழ்கடல் தாலாட்டும் அழகுத் தீவினிலே அறியாமை இருளகற்றிய அறிவுப் பேரொளி' என்று தொடங்கி, முதல் ஐந்து பக்கங்களில் ஒரு தகவலும் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். ரீச்சர் வாசித்தார்.

"நல்லாய் இருக்கு. உதிலை பிள்ளையளைக் காணேல்லையே மாஸ்டர்?"

பிள்ளைகளைச் சேர்த்து எழுதினேன். பிடியரிசியை விட்டுவிட்டீர் என்றார். சேர்த்தேன். பிறகு, "வேதப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒண்டும் இல்லையே" என்றார்.

"அவையைப் பற்றி நாங்கள் ஏன் ரீச்சர்?"

"அவை முதல்லை தொடங்காட்டில் எங்கடை சனம் எங்கை தொடங்கியிருக்கும்? அதை எழுதும்."

அதையும் எழுதினேன். அதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. அந்த வருஷத்தில் நடந்ததையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்து முடிக்க அடுத்த வருஷம் வந்துவிட்டது. வரலாறு என்பது முடியாத விஷயம் என்று பெரிய பெரிய அறிஞர்கள் புத்தகம் எழுதிக் கண்டுபிடித்ததை நான் ஒரு தலைமையாசிரியையின் லாச்சிக்கு முன்னால் நின்று கண்டுபிடித்தேன். என்னோடு படித்தவர்கள் பட்டினத்தில் கலியாணம் கட்டி, வீடு கட்டி, வயிறும் வைத்துவிட்டார்கள். நான் ஆறாவது பிரதியை எழுதிக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கியது. ஊர்காவற்றுறைப் பக்கம் குண்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. கடலில் நேவிக் கப்பல்கள் கிட்ட வந்து நின்றன. ஒவ்வொரு குடும்பமாக யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டது. வெளிக்கிடும் முன் பெற்றோர் பத்திரம் கேட்டு வந்தார்கள். திறப்பு வீட்டில் இருந்தது. மை காய்ந்திருந்தது. "உது கொஞ்ச நாளைக்குத்தானே, அடங்கினவுடனை வந்திடுவியள். பேந்து ஏன் பத்திரம்?" என்று ரீச்சர் எல்லாரையும் அனுப்பினார். பிள்ளைகளின் தொகை நாளுக்கு நாள் இறங்கியது. அவர் வரவு இடாப்பில் ஒருவருடைய பெயரையும் வெட்டவில்லை. வராத பிள்ளைகளின் பெயரையும் கூப்பிட்டார், சற்றுப் பொறுத்து அடுத்த பெயருக்குப் போனார்.

ஒரு நாள் காலை, இப்படிப் பத்திரமில்லாமல் போன ஒரு தகப்பன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். உடுப்பு முழுக்க ஈரம். ஒரு கையைத் துவாயால் சுற்றிக் கட்டியிருந்தார். துவாயில் இரத்தம்.

"என்ன நடந்தது?" என்று ரீச்சர் எழும்பினார்.

"வள்ளத்துக்குச் சுட்டவங்கள். கைதானே, பரவாயில்லை. பிள்ளையைச் சேர்க்கக் கொண்டுபோனனான் ரீச்சர். விடுகைப் பத்திரம் இல்லாமல் சேர்க்க ஏலாதெண்டிட்டினம். அதுதான் திரும்பி வந்தனான்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ரீச்சர் சமாளித்திருப்பார். இடுப்பில் இருந்த திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்தார். பத்திரப் புத்தகத்தை எடுத்தார், எழுதினார், சீலை அடித்தார். மை நல்ல ஈரமாகத்தான் இருந்தது. தகப்பன் பத்திரத்தைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி மடியில் செருகிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். ரீச்சர் கதிரையில் இருந்து எழும்பவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் யன்னலைத் திறந்தேன். பிறகு சாத்தினேன்.

"மாஸ்டர்" என்றார் கடைசியில். "நாளைக்கு மிச்சச் சனமும் வெளிக்கிடுதாம். இடாப்பு, பத்திரப் புத்தகம், சீல், எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்கு வாரும்."

என் இடமாற்றம் கடைசியில் இப்படித்தான் கிடைத்தது, தீவு முழுவதற்கும் சேர்த்து.

மறுநாள் இறங்குதுறையில் இருந்த பூவரச மரத்துக்குக் கீழே ஒரு வாங்கைப் போட்டு உட்கார்ந்தோம். சனம் பெட்டி படுக்கை, கோழிக்கூடு, தையல் மெசின் என்று எல்லாவற்றோடும் வள்ளங்களுக்குக் காத்து நின்றது. ரீச்சர் வகுப்பு வகுப்பாகப் பெயர் கூப்பிட்டார். நான் எழுதினேன். அவர் கையெழுத்து வைத்துச் சீல் அடித்தார். பத்திரத்தில் 'விலகும் காரணம்' என்று ஒரு இடம் இருக்கும். 'பெற்றோர் விருப்பம்' என்று வழமைப்படி எழுதத் தொடங்கினேன்.

"ஆருக்கு விருப்பம்?" என்று ரீச்சர் பேனையைப் பிடித்தார். "மேற்படிப்பு எண்டு எழுதும்."

"முதலாம் வகுப்புக்குமோ ரீச்சர்?"

"முதலாம் வகுப்புக்கு மேலை இரண்டாம் வகுப்பு இருக்கல்லோ?"

மூக்குச் சிந்தத் தெரியாத பிள்ளைகளை எல்லாம் மேற்படிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குக் கிட்ட எங்கள் பிள்ளைகளின் பத்திரங்கள் முடிந்தன. அப்போதுதான் கவனித்தேன். வேதப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தாய்தகப்பன்மாரும் சற்றுத் தள்ளி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தலைமையாசிரியர் கந்தோர் அலுவலாக யாழ்ப்பாணம் போன இடத்தில், தீவுப் பக்கம் வரும் வள்ளங்களை நேவி மறித்ததால் திரும்பி வர முடியாமல் நின்றுவிட்டார். சீல் அவருடைய பையில். அந்தப் பிள்ளைகளுக்குப் பத்திரம் கொடுக்க ஆளில்லை.

ரீச்சர் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தார்.

"மாஸ்டர், சேர்விடாப்பை எடும். உந்தப் பிள்ளையளைச் சேர்ப்பம்."

"ரீச்சர்! இண்டைக்குப் பள்ளிக்கூடம் மூடுற நாள்."

"மூடுறது பின்னேரம். இப்ப மத்தியானம்தானே."

எனக்குள் இருந்த விதிமுறைக்காரன் அந்த நேரத்திலும் சாகவில்லை. "அவையின்ரை பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம் இல்லாமல் நாங்கள் எப்பிடிச் சேர்க்கிறது?" என்று கேட்டேன். பின்னால் நேவிக் கப்பல் நிற்கிறது, நான் கந்தோர்ச் சுற்றுநிருபம் கதைக்கிறேன்.

"பேந்து கொண்டந்து தருவினம்" என்றார் ரீச்சர். "தவணை குடுத்திருக்கு எண்டு எழுதும்."

கழுத்தில் செபமாலை போட்ட ஒரு தகப்பன் மட்டும் பிள்ளையின் கையை விடாமல் தயங்கி நின்றார். "ரீச்சர், எங்கடை பரம்பரையிலை ஒருத்தரும் சைவப் பள்ளிக்கூட வாசல் மிதிச்சதில்லை."

"மழைக்கு ஒதுங்கினதெண்டு நினையுங்கோ தம்பி" என்றார் ரீச்சர். தகப்பன் கையை விட்டார்.

ஒவ்வொரு பிள்ளையாக வந்தது. ரீச்சர் தலையைத் தடவி, "என்ன வகுப்பு? நல்லாய்ப் படிக்கோணும், என்ன?" என்று சேர்த்துக்கொண்டார். நான் இடாப்பில் பெயரை எழுதி நிமிரும்போது, அதே பிள்ளையின் கையில் விடுகைப் பத்திரத்தைக் கொடுத்து, "நல்லாய்ப் படிச்சனி. போட்டு வா" என்று அனுப்பினார். சைவப் பள்ளிக்கூடத்து இடாப்பில் சூசையும் அந்தோனியும் ஞானப்பிரகாசியும் வரிசையாக ஏறி வரிசையாக இறங்கினார்கள்.

'நடத்தை' என்ற இடத்தில் என் பேனை நின்றது. "இதுக்கு என்ன எழுதிறது? இவன் எங்களிட்டை ஒரு நிமிசம்தானே ரீச்சர் இருந்தவன்?"

"அந்த ஒரு நிமிசமும் நல்லாய்த்தானே இருந்தவன்? மிக நன்று எண்டு எழுதும்."

அன்று மத்தியானம் அந்தத் தீவில் மிச்சமிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாக இருந்தார்கள். பிடியரிசிக் காலத்தில் இருந்து எவரும் காணாத சங்கதி. பின்னேரம் ஒரு பிள்ளையும் இருக்கவில்லை. ரீச்சர் சேர்விடாப்பின் கடைசிப் பெயருக்குக் கீழே தன் கையாலேயே கோடு கீறினார். கோடு கோணலாகப் போனது. அழித்துத் திரும்பக் கீறவில்லை.

கடைசி வள்ளத்தில் நாங்களும் ஏறினோம். நடுக்கடலில் அலை எழும்பியது. என் பக்கத்தில் இருந்த சின்னப் பொடியன், மத்தியானம் சேர்ந்து மத்தியானமே விலகியவன், குமட்டி என் ஒரே நல்ல சேட்டில் சத்தி எடுத்தான். நான் முகத்தைச் சுளித்தேன்.

"எங்கடை பிள்ளைதானே மாஸ்டர்" என்றார் ரீச்சர். "துடைச்சுவிடும்."

பிள்ளையைத் துடைத்த பிறகு என்னையும் துடைத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணக் கரையில் இறங்கியபோது வெயில் தாழ்ந்துவிட்டது. ஒரு குடும்பம் கோயில் மடத்துக்கு என்றது. இன்னொன்று சொந்தக்காரர் வீட்டுக்கு என்றது. சிலர் எங்கே என்று சொல்லவில்லை, நடந்தார்கள். ஒழுங்கையில், பனங்கூடலுக்குள், றோட்டில் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ரீச்சர் மணலில் நின்று, ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருட்டப் போகுது ரீச்சர். வாங்கோ, போவம்" என்றேன்.

"கொஞ்சம் பொறும் மாஸ்டர்" என்றார். "பிள்ளையள் எல்லாம் வீட்டை போய்ச் சேரட்டும்."

இடாப்புக் கட்டை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நானும் நின்றேன்.